கணவாயில் நின்ற கல்யாண வேன்

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, வண்டியை எப்படிச் சோதிப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, கற்றுக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், என் காலத்தில் இல்லாத கருவிகளும் இருக்கின்றன. சோதித்து முடித்து, ‘இந்த வண்டி ஓடக்கூடாது’ என்று சொல்லிவிட்ட பிறகு என்ன செய்வது? அதைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள். எனக்கு அது அதியமான்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் விளங்கியது.

யுத்த காலம். தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. நான் சேலத்தில் குடியிருந்தேன். மாதத்தில் சில நாள் தருமபுரியில் முகாம் போட்டு, மோட்டார் வண்டிகளைப் பார்த்துத் தகுதிச் சான்று கொடுப்பேன். ஜனங்கள் எங்களுக்கு வைத்திருந்த பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். வண்டியில் வேறு உறுப்பே இல்லாதது போல அப்படி ஒரு பெயர். ஆனால் யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயிலை அப்போது நிறுத்தியிருந்தார்கள். தண்டவாளத்தையும் யுத்தத்துக்கென்று பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பெட்ரோலுக்கு ரேஷன். புது வண்டி என்பது பேச்சில்கூட வராது. அதனால் எங்கெங்கோ கொட்டகையில் கிடந்த கிழட்டு வண்டிகளுக்கெல்லாம் மறுவாழ்வு வந்தது. பின்பக்கம் பீப்பாய் மாதிரி ஒரு கரி அடுப்பைப் பொருத்துவார்கள். அடுப்புக்கரியை மூட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டுவார்கள். ஏற்றத்தில் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. தள்ளுவதும் பயணத்தில் சேர்த்தி.

அப்படி ஒரு வேன்தான் அன்று காலை என் முன்னால் வந்து நின்றது. முகப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. நெற்றியில் மாவிலைத் தோரணம். கண்ணாடியில் சந்தனம், குங்குமம். சோதனைக்கு அலங்காரம் பண்ணிக்கொண்டு வந்த வண்டியை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

ஓட்டி வந்தவர் பெயர் மாதப்பன். முப்பது வயதிருக்கும். வாய் ஓயாத மனிதர். இறங்கும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

“நாளைக்கி நம்ம கொழுந்தியா கல்யாணத்துக்குக் கிளம்புற வண்டிங்க சார். எப்பிடியும் பாஸாயிடும்னு எங்கூட்டுக்காரி இன்னிக்கே கட்டிட்டா. வேணாம்னு சொன்னா கேக்குறாளா?”

“நான் கட்டுனது அழகுக்குங்க. சோதனைக்கில்ல” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அவர் மனைவி காவேரி. வேனை வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததே அவர்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஏதோ ஒரு ஊரில் துணிக்கடைச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த வேன் அது. முன்பு வைத்திருந்தவர் மரப்பலகையால் பின்கூட்டை நீட்டி, எதிரெதிராக பெஞ்சு போட்டு, கரி அடுப்பையும் மாட்டி விற்றிருக்கிறார். தங்கையின் கல்யாணக் கோஷ்டி தங்கள் சொந்த வேனில் போய் இறங்க வேண்டும் என்பது காவேரியின் ஆசை. ஊர் முழுக்க அவர் அதைச் சொல்லியும் ஆகிவிட்டது.

அடியில் படுத்துப் பார்த்தேன். ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தேன். மைதானத்தில் வேகமாக ஓட்டச் சொல்லி நிறுத்தச் சொன்னேன். நின்றது. மறுபடி சொன்னேன், மறுபடி நின்றது. பழைய வண்டி என்றாலும் சமதரையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மாதப்பன் என் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கையெழுத்துப் போட்டிருப்பேன்.

போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டேன். “கல்யாணம் எந்த ஊரில்?”

“ஓமலூர்ப் பக்கங்க. கணவாய் இறங்குனா கொஞ்ச தூரந்தான்” என்றார் மாதப்பன்.

தொப்பூர்க் கணவாய். மேட்டு நிலத்திலிருந்து சேலம் சமவெளிக்கு ரோடு வளைந்து வளைந்து இறங்கும் இடம். இன்றைக்கும் அங்கே எத்தனை லாரிகள் கவிழ்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். அன்றைய ரோடு இன்னும் குறுகல். நான் பேனாவை மூடிப் பையில் வைத்தேன். வண்டி எந்த மைதானத்தில் நன்றாக நின்றது என்பது முக்கியமில்லை, எங்கே நிற்க வேண்டியிருக்கும் என்பதுதான் முக்கியம் என்று அந்த நேரத்தில் தோன்றியதற்கு இன்றுவரை சந்தோஷப்படுகிறேன்.

“கணவாயில் ஒரு தடவை இறக்கிப் பார்த்துவிடலாம். ஆள் யாரும் வேண்டாம். ஆட்கள் எடைக்குச் சாமான் ஏற்றுங்கள்” என்றேன்.

மாதப்பனுக்குக் கொண்டாட்டம். “சீர்ச் சாமானே இருக்குதுங்க சார். அதையே ஏத்திட்டாப் போச்சு.”

போகிற வழியில் அதியமான்கோட்டையில் பெண் வீட்டு வாசலில் நிறுத்தினோம். ராகி மூட்டை, நெல் மூட்டை, பாத்திரம் பண்டம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய பித்தளை அண்டா. காவேரி ஒவ்வொன்றாக எண்ணி ஏற்றிவிட்டு, “பத்தரமாத் திருப்பிக் கொண்டாங்க” என்று எனக்கும் சேர்த்து உத்தரவு போட்டார். நானும் மாதப்பனும் மட்டும் கிளம்பினோம்.

முதல் வளைவில் நிறுத்தச் சொன்னேன். நின்றது. அடுத்ததிலும் நின்றது. மாதப்பன் தன் மாமனாரைப் பற்றி, பெண் பார்க்க வந்தவர்கள் சாப்பிட்ட களியைப் பற்றி, வத்தல்மலையில் தனக்கு இருக்கும் சிநேகிதரைப் பற்றியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு ஒரு வளைவில், பாதி வாக்கியத்தில் பேச்சு நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கண் ரோட்டை விட்டு அசையவில்லை. ஏதோ தீய்கிற வாடை அடித்தது.

“சார்” என்றார், மிக மெதுவாக. “காலு உள்ள போவுதுங்க.”

மிதித்த பிரேக் எதையும் பிடிக்கவில்லை. வேன் வேகம் பிடித்தது. கீழே அடுத்த வளைவுக்கு அப்பால் மாட்டுவண்டிகள் வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தன. வலது பக்கம் பள்ளம். இடது பக்கம், நான் உட்கார்ந்திருந்த பக்கம், மலையை வெட்டிய மண்சுவர்.

கதவைத் திறந்து குதித்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. தோன்றாமல் இருக்குமா? ஆனால் நான் குதித்தால் அவர் தனியாக அந்த மாடுகளின்மேல் போவார்.

“மலைப் பக்கம் ஒடிங்க!” என்று கத்தினேன்.

“நீங்க உக்காந்திருக்கீங்களே!”

“ஒடிங்கன்னா ஒடிங்க!”

காலைத் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கைபிரேக்கைப் பிடித்து இழுத்தேன். மாதப்பன் ஒடித்தார். என் பக்கத்துப் பலகை மண்சுவரில் உரசிக்கொண்டு போன சத்தம் இருக்கிறதே, ஆயிரம் தகரத்தை ஒன்றாகக் கிழித்த மாதிரி. வாழைக்கன்று ஒன்று முறிந்து என் மடியில் விழுந்தது. வேன் முக்கி முனகி, ஒரு பாறைமேல் மூக்கை வைத்து நின்றது.

நின்ற அதிர்ச்சியில் பின்கதவு திறந்துகொண்டது. பித்தளை அண்டா கீழே குதித்தது. குதித்தது நிற்கவில்லை. ரோட்டோடு உருண்டு, வளைவில் ஒரு முட்டு முட்டித் திரும்பி, கோயில் மணி மாதிரி அடித்துக்கொண்டே போயிற்று. மரத்தில் இருந்த குரங்குகளெல்லாம் கிறீச்சிட்டு ஓடின. நாங்கள் இருவரும் வாயைத் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, முன்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் அண்டாவைத் தோளில் வைத்துக்கொண்டு மேலேறி வந்து, வெகு நிதானமாகக் கேட்டார்: “இது உங்களுதுங்களா?”

மாதப்பனுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்கும் அப்படித்தான்.

காரணம் பிறகு பார்த்ததில் தெரிந்தது. அந்தப் பிரேக், துணி மூட்டை ஏற்றும் வண்டிக்குச் செய்தது. பின்னால் கூட்டை நீட்டினார்கள், பெஞ்சு போட்டார்கள், கரி அடுப்பைத் தொங்கவிட்டார்கள். நிறுத்தும் சாமானை மட்டும் யாரும் மாற்றவில்லை. தட்டையான ரோட்டில் அது தாங்கும். இறக்கத்தில் மிதிக்க மிதிக்கச் சூடாகிக் கைவிட்டுவிடும்.

வண்டிக்காரர்கள் நல்லவர்கள். சாமான்களை எல்லாம் தங்கள் வண்டிகளில் மாற்றி மேலே கொண்டுவந்தார்கள். வேன் வெறுமையாக, முதல் கியரில், நடக்கிற வேகத்தில் ஏறியது. அது பின்னால் நழுவினால் சக்கரத்துக்குக் கொடுக்க ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு நான் காக்கி உடுப்போடு கூடவே நடந்தேன்.

அதியமான்கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது பந்தலுக்கு அடியில் ஊரே கூடியிருந்தது. ஒரு பக்கம் உரிந்துபோன வேனைப் பார்த்ததும் மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

“இந்த வண்டிக்குச் சான்று கிடையாது. பிரேக்கை மாற்றாமல் ரோட்டில் இறக்கக்கூடாது” என்றேன்.

பெண்ணின் அப்பா முனிசாமி கைகூப்பினார். “நாளைக்கு ஒரு நாளு மட்டும் வுடுங்க சாமி. அப்புறம் நீங்க சொல்ற மாதிரி பண்ணிக்கிறோம்.” ஊர்ப் பெரியவர் ஒருவர், “கொஞ்சம் பேரை ஏத்திக்கிட்டு மெதுவாப் போனா என்னாங்க?” என்றார். காவேரி எதுவும் கெஞ்சவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “மொதல்ல ரெண்டு வளைவுல நின்னுதுன்னு எங்கூட்டுக்காரரே சொல்றாரே. நின்னுதா இல்லீங்களா?” என்று கேட்டார்.

“நின்றது.”

“அப்புறமென்னா?”

“நிற்காத வளைவில் உங்கள் தங்கை உட்கார்ந்திருப்பாள் அம்மா.”

காவேரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாதப்பனை எல்லாரும் பார்த்தார்கள். அவர் மனைவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்: “சார் சொல்றது நெசங்க. நான் ஓட்ட மாட்டேன்.”

அவ்வளவுதான். என் வேலை முடிந்தது. சேலம் பஸ் வரும் நேரம். தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருப்பேன். அப்போது உள்ளேயிருந்து கல்யாணப் பெண் வந்தாள். சின்னபாப்பா என்று பெயர். நலுங்கு வைத்த மஞ்சள் முகத்தில் அப்படியே இருந்தது. பெண்கள் அவளை உள்ளே இழுத்தார்கள். அவள் கையை உதறிக்கொண்டு என்னிடம் நேராகக் கேட்டாள்.

“வண்டி வேணாம்னுட்டீங்க, சரிங்க. நாங்க எப்பிடிப் போறதுன்னு சொல்லிட்டுப் போங்க.”

கோபமாகக் கேட்கவில்லை. வழி தெரிந்தவரிடம் வழி கேட்பது போலக் கேட்டாள். பிள்ளைகளே, நம் சட்டப் புத்தகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ‘அது என் வேலையில்லை’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பொய்யும் ஆகாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பந்தக்காலில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“ஊரில் மாட்டுவண்டி எத்தனை இருக்கிறது?” என்றேன்.

இருந்தவை கொஞ்சம்தான். மற்றவை மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் புளி ஏற்றிக்கொண்டு போயிருந்தன. இருக்கிற வண்டிகளில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கணவாய் இறங்க முடியாது, மாடு தாங்காது. கணவாயின் தலைப்பு வரைக்கும் இரண்டு நடையாகக் கொண்டுபோய் விடலாம் என்றார் முனிசாமி. அதற்குமேல்?

“நடப்போம்” என்றாள் சின்னபாப்பா. “இறக்கந்தானே?”

“கல்யாணப் பொண்ணு நடந்து போறதா?” என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் கேட்டார்.

“வேற யாராச்சும் எனக்காகக் கட்டிக்கிட்டு வருவாங்களா சித்தி? நான்தான போவணும்?”

பந்தல் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில்தான் விஷயம் முடிவானது. கீழே மாப்பிள்ளை வீட்டார் வண்டிகளோடு வந்து காத்திருந்தால் போதும். சேதி சொல்ல யாரை அனுப்புவது? எல்லாரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் போகிற பஸ் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

மாப்பிள்ளை ஊரில் காக்கி உடுப்போடு நான் இறங்கியதும் சம்பந்தியின் முகம் வெளுத்துவிட்டது. “பொண்ணு வூட்டுல என்னா ஆச்சுங்க? போலீஸ் கேஸுங்களா?” என்றார். நான் விவரம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “மோட்டார்ல வராங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டனே!”

“வண்டியில் வந்திருந்தால் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள்” என்று நடந்ததைச் சொன்னேன். அண்டா உருண்ட இடம் வந்ததும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இரண்டு தடவை சொல்ல வைத்தார், அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டு மூன்றாவது தடவையும் சொல்ல வைத்தார். பிறகு எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். “மேளத்தைக் கூப்புடு. பம்பையையும் கூப்புடு. மருமவ நடந்து வரா, நாம சும்மா போய் நிக்கறதா?” என்னைச் சேலத்துக்குப் போக விடவில்லை. “சேதி கொண்டாந்தவரு நீங்க. கூட வந்து கைகாட்டி வுட்டுட்டுத்தான் போவணும்.”

மறுநாள் கணவாயின் அடியில் வண்டிகளோடு காத்திருந்தோம். முதலில் பாட்டுதான் கேட்டது, ஆட்கள் தெரியவில்லை. வளைவுக்கு வளைவு அந்தப் பெண்கள் குரல் மறையும், மறுபடி கேட்கும். பிறகு மரங்களுக்கு நடுவே புடைவைகளின் நிறம் தெரிந்தது. மூட்டையும் முடிச்சும் தலையில், கையில் குழந்தைகள். எல்லாருக்கும் முன்னால் சின்னபாப்பா, புடைவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வேகமாக வந்தாள். பம்பை முழங்கியது. அந்த ரோட்டில் ஏறிக்கொண்டிருந்த லாரிகள்கூட ஓரம் கட்டி நின்றன. எனக்குத் தெரிந்து அந்தக் கணவாய் அவ்வளவு கலகலப்பாக என்றைக்கும் இருந்ததில்லை. மாப்பிள்ளை கூட்டத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்ததையும் நான் பார்த்தேன்.

காவேரி மட்டும் என்னிடம் பேசவில்லை. கல்யாணப் பந்தியில் என் இலைக்குப் பரிமாற வந்தபோதும் பேசவில்லை. ஆனால் இலையில் நான் போதும் போதும் என்று சொல்லச் சொல்ல வடையாக வைத்துக்கொண்டே போனார். அது கோபமா, சமாதானமா என்று தெரியாமல் நான் எல்லாவற்றையும் தின்று தீர்த்தேன்.

சில மாதம் கழித்து வேன் மறுபடி சோதனைக்கு வந்தது. இந்தத் தடவை தோரணம் கிடையாது. சேலத்தில் ஒரு பட்டறையில் பெரிய பிரேக் போட்டிருந்தார்கள். நீட்டிய கூட்டை வெட்டிக் குறைத்திருந்தார்கள். பெஞ்சில் ஒன்றைக் கழற்றிவிட்டார்கள். மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு அதே கணவாய்க்குப் போனோம். வளைவுக்கு வளைவு நிறுத்தச் சொன்னேன். அடிவாரம் வரை நிறுத்தி நிறுத்தி இறக்கினேன். பிறகு திரும்ப ஏறிவந்து, மறுபடியும் இறக்கினேன். சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றது.

மேலே ஏறிவந்தபோது கணவாயின் தலைப்பில் காவேரி காத்துக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து வந்த பெண்கள் நாலைந்து பேர் கூடைகளோடு சுற்றி நின்றார்கள். பானெட்டின்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

“இனி நம்பலாங்களா?” என்றார் காவேரி. கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“இன்றைக்கு நம்பலாம். பழைய வண்டி அம்மா. அடுத்த வருஷம் மறுபடி கேளுங்கள்.”

இதை நீங்கள் மறக்கக்கூடாது. நாம் கொடுக்கும் சான்று வண்டியின் குணத்துக்குக் கொடுக்கிற உத்தரவாதம் இல்லை. பார்த்த அன்று, பார்த்த ரோட்டில், பார்த்த பாரத்தில் அது எப்படி இருந்தது என்பதுதான். அதைச் சொல்லத் தயங்காதீர்கள். ஜனங்கள் புரிந்துகொள்வார்கள்.

காவேரி புரிந்துகொண்டார். எனக்கு ஒரு வேலையும் வைத்தார். “அப்ப இன்னிக்கு நம்பலாம் இல்லீங்க? ஏறுங்க. மொதல் சவாரி நீங்கதான். கையெழுத்துப் போட்டவரே ஏறலீன்னா எங்கூர்ப் பொம்பளைங்க யாரு ஏறுவாங்க?”

மணல் மூட்டைகளை இறக்கிவிட்டு ஏறினேன். பின்னால் பெஞ்சில், ஒரு பக்கம் கோழிக்கூடை, ஒரு பக்கம் காவேரி. மாதப்பன் ஓட்டினார். வேறொருவர் ஓட்டும் வண்டியில், பிரேக் கைக்கெட்டாத தூரத்தில் உட்கார்ந்து கணவாய் இறங்குவது எப்படிப்பட்டது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நம்மை நம்பி ஏறுகிறவர்கள் எல்லாரும் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது நீங்களும் அங்கே உட்கார்ந்து பாருங்கள்.

வேன் அடிவாரத்தைத் தாண்டி மாப்பிள்ளை ஊரில் நின்றது. ஆடிக்குத் தாய்வீடு போவதற்காக ரோட்டோரம் சின்னபாப்பா காத்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன், தலையில் டிரங்குப் பெட்டியோடு. அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். கோழிக்கூடைக்கும் அக்காவுக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்த என்னைக் கண்டதும் கண்கள் விரிந்தன.

“என்னாங்க சார்,” என்றாள், “இன்னிக்கு நடக்க வேணாங்களா?”

வேன் முழுக்கச் சிரித்தது. நான் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.